எந்த வாசல்

வீடு ஒரு புள்ளி என்று
வரைபடத்துக்கு நிரல் எழுதியவன்
காரைக்குடிப் பக்கம் வந்ததில்லை.

இங்கே வீடு ஒரு கோடு.
இந்தத் தெருவில் முகப்பு,
அடுத்த தெருவில் கொல்லைக் கதவு,
நடுவே வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு.
செயற்கைக்கோள் குறிபார்த்து ஊசி குத்துவது
தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் இடையில்
ஆளில்லாத ஒரு முற்றத்தில்.

'பசியாறு' என்று பேர் வைத்தோம்.
ஆப்பு என்றதும் ஷமீமாவின் அத்தா கேட்டார்:
"யாருக்கும்மா வைக்கப் போறீங்க?"

செக்காலை ரோடு, பஞ்சர் கடை மாடி.
இரண்டு மேசை, ஒரு இன்வெர்ட்டர்.
கீழே கம்ப்ரஸர் உறுமும்போதெல்லாம்
வாடிக்கையாளரை மியூட்டில் போடுவாள் ஷமீமா.
முதல் மாதம் முப்பத்தொரு ஆர்டர்.
அதில் பத்தொன்பது
நாங்களே போட்டு நாங்களே சாப்பிட்டது.

மூன்றாம் மாதம்
கானாடுகாத்தானில் படப்பிடிப்பு.
அறுபது பிரியாணி, ஒரே ஆர்டர்.
கணக்கு சரிதானா என்று சர்வரை மூன்று தடவை கேட்டேன்.
லோடு ஆட்டோவில் போன ஜெபஸ்டின்
ஊசியை நம்பினான்.
கொல்லைக் கதவு திறந்திருந்தது.
தலையில் அண்டா,
ஒரு கட்டு, மறு கட்டு, தூண் தூணாய்த் தாண்டி
அழுதுகொண்டிருந்த கதாநாயகிக்குப்
பின்னால் போய் நின்றான்.

நட்சத்திரம் ஒன்று.
கருத்து: பையன் ஃபிரேமுக்குள் வந்துவிட்டான்.
பிரியாணி நல்ல சூடு.

அன்று ராத்திரியே அடுத்த பதிப்பு.
ஒரு கேள்வி, இரண்டு வட்டம்:
முன்வாசலா, பின்வாசலா?
நிரல் நாற்பது வரிதான்.
பதில்தான் யாரிடமும் இல்லை.

ஜெபஸ்டின் தட்டித் தட்டி நிரப்பினான்.
பதினான்கு பங்காளிக்கு ஒரு சாவி, சாவி சிங்கப்பூரில்:
பின்வாசல்.
பின்கட்டில் வாடகைக்கு நான்கு நர்ஸுகள்,
இரவு பதினொன்றுக்கு முட்டைத் தோசை:
பின்வாசல், ஹாரன் அடிக்காதே.
முகப்பில் வங்கிக் கிளை, மாடியில் மேனேஜர்:
ஞாயிறு மட்டும் முன்வாசல்.
தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல்.
நாலாயிரத்து இருநூறு வரி.
ஒரு செருப்பு, இரண்டு டயர்.

பெங்களூரிலிருந்து போன்.
நல்ல தமிழ், குளிர்சாதன அறைத் தமிழ்.
"இந்தச் சிக்கல் எத்தனை ஊர்ல இருக்கு?"
எழுபது சொச்சம்.
"வெளியில?"
கம்ப்ரஸர் உறுமியது. நல்ல வேளை.
"ஆப் எங்களுக்கு வேண்டாங்க.
வாசல்னு ஒரு காலம் வெச்சிருக்கீங்களே,
அது மட்டும் போதும். வரிக்கு எவ்வளவு?"

ஷமீமா கால்குலேட்டரைத் திறந்தாள்:
லேப்டாப் தவணை, சர்வர் வாடகை,
ஹோட்டல்காரர்களுக்குத் தர வேண்டியது.
நான் நாலாயிரத்து இருநூறை
ஒன்றரையால் பெருக்கினேன், இரண்டால் பெருக்கினேன்.
மூன்றால் பெருக்க வெட்கமாக இருந்தது,
பெருக்கினேன்.

படியில் உட்கார்ந்து
ஹெல்மெட்டுக்குள் இருந்த வேர்வையைத் துடைத்தபடி
ஜெபஸ்டின் கேட்டான்:
"காலத்தை வித்தா
காலுக்கு எவ்வளவு?"

போன் இன்னும் ஹோல்டில்தான் இருந்தது.
அவர்கள் பக்கம் ஒரு பியானோ,
எங்கள் பக்கம் பஞ்சர் கடை.
யாரும் பேசவில்லை.

டிங்.
ஆறாவயல். இடியாப்பம் இரண்டு செட், தேங்காய்ப்பால் தனியாக.
வாசல்: பின்.
குறிப்பு: நாய் இருக்கு. ஒண்ணும் பண்ணாது.
ஆனா ஓடாதீங்க.

ஜெபஸ்டின் எழுந்துவிட்டான்.
நான் புதுக் காலம் ஒன்று திறந்தேன்.
தலைப்பு: நாய்.
வட்டம் இரண்டு போதாது போலிருக்கிறது.